கூட்டத்தைக் காட்டிப் பங்கு விற்காதீர்கள்

நெருக்கடி காலத்தில் மலிவுக் கட்டண விமான நிறுவனங்களின் பங்கை வாங்கிப் போட வேண்டும், ரேணிகுண்டாவிலும் பெங்களூருவிலும் அலைமோதும் பயணிகளே அதற்குச் சாட்சி என்று பலமனேர் வாசகர்களுக்கு ஒருவர் அறிவுரை எழுதியிருக்கிறார். பால் பணத்தையும் பட்டுக்கூடு விற்ற பணத்தையும் சேர்த்து வைப்பவர்களின் ஊரில் இது பொறுப்பற்ற பேச்சு.

கூட்டம் இருந்தால் லாபம் வரும் என்பது அவருடைய முதல் வாதம். நம்மூர்த் தக்காளி மண்டியை ஒரு நாள் பார்த்திருந்தாலே இதை எழுதியிருக்க மாட்டார். வரத்து மிகுந்தால் மண்டி நிரம்பி வழியும். விவசாயிக்கோ பறிகூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாது. விமான இருக்கையும் அழுகும் சரக்குதான். விற்காமல் கிளம்பினால் அதன் மதிப்பு பூஜ்யம். அதனால்தான் போட்டி போட்டுக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். வருமானம் ரூபாயில் வருகிறது. விமானக் குத்தகையும் பராமரிப்பும் பெரும்பாலும் டாலரில் போகின்றன. கச்சா எண்ணெய் ஏறினாலும் ரூபாய் சரிந்தாலும் அடி இரட்டிப்பு.

ஏர் டெக்கானுக்குக் கூட்டம் வரவில்லையா? 2003-இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்றது. 2006-இல் பங்கு ஒன்றை 148 ரூபாய்க்கு மக்களிடம் விற்றது. அடுத்த ஆண்டே விஜய் மல்லையாவின் கைக்குப் போய், பிறகு கிங்ஃபிஷரோடு இணைந்தது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியது. கடைசிவரை பங்கைப் பிடித்திருந்தவர்களின் முதல் கரைந்தே போனது.

விலை விழுந்த பிறகு வாங்கினால் பயமில்லை என்பது அடுத்த வாதம். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியோடு நின்றது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்தப் பங்கு சந்தையில் கைமாறியது. மலிவு என்று நம்பி வாங்கினார்கள். 2024 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. கலைக்கும்போது தொழிலாளர் பாக்கி, வங்கிக் கடன், அரசு பாக்கி எல்லாம் தீர்ந்த பிறகே சாதாரணப் பங்குதாரருக்குப் பங்கு. அந்த வரிசையின் கடைசி இடத்தைத்தான் இவர் நமக்கு வாங்கித் தரப் பார்க்கிறார்.

அவர் காட்டும் ஒரே ஆதாரம் இண்டிகோ. 2020 மார்ச்சில் ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இறங்கிய பங்கு பின்னர் ஐயாயிரத்தைத் தாண்டியது உண்மை. அன்று அந்நிறுவனத்திடம் மொத்த ரொக்க இருப்பு சுமார் 20,000 கோடி ரூபாய் இருந்ததை அவர் ஏன் சொல்லவில்லை? கோ ஃபர்ஸ்டை ஏன் மறைத்தார்? அதுவும் மலிவுக் கட்டண நிறுவனம்தான். கொரோனா நடுவே, 2021-இல், பங்கு விற்று 3,600 கோடி திரட்ட விண்ணப்பித்தது. அந்த வெளியீடு நடக்காததால் மக்கள் பணம் தப்பியது. 2023 மே மாதம் திவால் மனு. 2025 ஜனவரியில் கலைப்பு உத்தரவு. பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறு இருவரின் விமானங்களையும் முடக்கியது. கையில் பணம் இருந்தவர் பிழைத்தார், இல்லாதவர் வீழ்ந்தார். பிழைத்தவரை மட்டும் காட்டுவது வாதமாகாது, ஏமாற்று. வாரன் பஃபெட்டே 2020-இல் மலிவுக் கட்டண முன்னோடியான சவுத்வெஸ்ட் உட்பட நான்கு அமெரிக்க விமான நிறுவனங்களின் பங்குகளை மொத்தமாக விற்று வெளியேறினார்.

விமானப் பங்கு வாங்கியே தீருவேன் என்பவர்கள் முதலில் ஆண்டறிக்கையில் ரொக்க இருப்பு, கடன், குத்தகைப் பொறுப்பு மூன்றையும் படியுங்கள். படித்துப் புரியவில்லையென்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை இந்த அறிவுரையை நம்பித் தொலைக்காதீர்கள்.