அசை வேறு, சிலபிள் வேறு

‘அசை என்றால் சிலபிள், எதுகை என்றால் ரைம்.’ தமிழ்ப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்க்க முனைவோர் பலர் கூசாமல் சொல்லும் சமன்பாடு இது. அருணகிரிநாதர் பிறந்த ஊரென்று மரபு சொல்லும் திருவண்ணாமலையின் பெயர்களைக் கொண்டே இதைச் சோதித்துவிடலாம்.

‘அண்ணாமலை’ ஆங்கிலக் கணக்கில் நான்கு சிலபிள். யாப்பில் அண்/ணா/மலை என மூன்றே அசை, தேமாங்கனி. ‘அருணாசலம்’ ஐந்து சிலபிள். யாப்பில் அதுவும் மூன்றசைதான், புளிமாங்கனி. அடுத்தடுத்த இரு குறில்களை ஒரே நிரையாகக் கேட்பது தமிழ்ச் செவி. அதைச் சிலபிள் கணக்கில் அடைத்தால் சீர் சிதையும்.

தமிழுக்கு எழுத்தெண்ணத் தெரியாதா என்றால், தெரியும். கந்தரலங்காரம் அமைந்த கட்டளைக் கலித்துறையில், ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஆனால் அந்த எண்ணிக்கையும் அசைக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது. திருப்புகழோ இன்னும் கறாரானது. தத்த, தந்த, தான மூன்றும் இரண்டு சிலபிள், மூன்றும் நேர்நேர். ஆயினும் சந்தத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்காது. வல்லொற்றா, மெல்லொற்றா, நெடிலா என்று அருணகிரியின் காது கேட்கிறது. விரல்விட்டு எண்ணுபவருக்கு அது எப்படிப் பிடிபடும்?

ரைமின் கதையும் இதுவே. ஆங்கில ரைம் அடியின் இறுதியில் ஒலிப்பது. நம் இயைபுக்கு நெருக்கமானது. எதுகையோ அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் நிற்பது. 1886இல் ஜி.யு. போப் குறளை ரைமோடு பெயர்த்தார். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ரைமுக்காகச் சேர்ந்த சொற்கள் குறளின் சுருக்கத்தைக் குலைத்தன. 1967இல் ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை ரைமின்றியே தந்தார். கவிதை உயிரோடு போய்ச் சேர்ந்தது.

இத்தனைக்கும், சிலபிள் எண்ணிக்கை மட்டும் ஆங்கில யாப்புக்கே போதாது. பத்துச் சிலபிள் சேர்ந்துவிட்டால் ஐயாம்பிக் பெண்டாமீட்டர் ஆகிவிடாது. அழுத்தம் விழும் இடமே அதைத் தீர்மானிக்கிறது. எழுத்தைப் பார்த்து ரைம் தேடினாலும் ஏமாற்றம்தான்: ‘லவ்’, ‘மூவ்’ இரண்டும் ஒரே எழுத்துகளில் முடிந்தாலும் ஒலியில் சேர்வதில்லை.

ஆகவே மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரே வேண்டுகோள். ரைம் அகராதியை மூடிவைத்துவிட்டு, முதலில் ஒரு திருப்புகழை வாய்விட்டுப் பாடுங்கள். காதில் விழாததை விரல்களால் எண்ணிப் பயனில்லை.