கையிலுள்ள ஓலையும் வரவிருக்கும் ஓலையும்

கற்றுத் தேறிய இளைஞன் ஒருவனுக்கு உத்தியோகம் கிடையாதிருத்தல் ஒரு துன்பம். இரண்டு கிடைக்கும்போலத் தோன்றி, ஒன்று இன்றே விடை கேட்க, மற்றையது என்று வருமென்று அறியக்கூடாதிருத்தல் இன்னொரு துன்பம். முன்னதைப் பற்றி மேடைதோறும் பேசுகின்றோம். பின்னதைப் பற்றிப் பேசுவார் அரியர். குருக்கள்மடம், செட்டிபாளையம், மாங்காடு, தேற்றாத்தீவு, களுதாவளை என வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் நம் எழுவான்கரைக் கிராமங்களிற் பட்டம் பெற்ற பிள்ளையுள்ள வீடுகள் பலவற்றில் நிகழும் வழக்கு இதுவே. ஆதலின், இம்மலரில் இதுபற்றிச் சில கூற விழைகின்றோம்.

வழக்கின் வடிவம் வருமாறு. கொழும்பிலுள்ள கம்பனி ஒன்று நியமனக் கடிதம் அனுப்பி, பத்து நாளில் விடை தருக என்கின்றது. அரசாங்க ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சை முடிந்துவிட்டது. பெயர்ப்பட்டியல் ‘விரைவில்’ வருமென்கின்றனர். தந்தையார் ‘பொறு’ என்கின்றார். தாய்மாமன் ‘போ’ என்கின்றார். பிள்ளையோ ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நிற்கின்றான்.

‘பொறு’ என்னும் தந்தையாரை எள்ளி நகையாடுதல் தகாது. 1978 நவம்பர் 23 ஆந் தேதிச் சூறாவளி நம் தென்னைகளை ஓரிரவிற் சாய்த்தது. பின்னர் நீண்ட யுத்தம் வந்தது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தது. தோட்டமும் தோணியும் கடையும் அழிந்தபோது, மாத முடிவில் தவறாது சம்பளம் வந்த வீடுகளே அயல் வீடுகளையும் தாங்கின என்பதை அத்தலைமுறை கண்ணாரக் கண்டது. ஓய்வூதியமும், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியமும் அவர்களுக்கு வெறுஞ் சொற்களல்ல. அரசாங்க உத்தியோகத்தின்மேல் நம்மவர் கொண்ட பற்று அநுபவத்தின் பயனாகும்.

ஆயினும், உத்தியோகத்தை விரும்புதல் வேறு, அதன் பொருட்டுக் கைகட்டிக் காத்திருத்தல் வேறு. 2017 ஆம் ஆண்டு மட்டக்களப்புக் காந்தி பூங்காவின் முன்னே வேலையற்ற பட்டதாரிகள் வெயிலிலும் மழையிலும் சத்தியாக்கிரகம் இருந்ததை நம்மிற் பலர் அறிவர். அவர்களது கோரிக்கை நியாயமானது. அவர்கள் இழந்த ஆண்டுகளோ எந்த நியமனத்தாலும் மீளா. 2020 இல் நாடளாவிய ரீதியிற் பட்டதாரிகள் பெருந்தொகையினராகச் சேர்க்கப்பட்டனர். அவ்வாறு மொத்தமாகச் சேர்க்கும் காலம் எப்பொழுது வருமென்பதைத் தேர்தலும் திறைசேரியும் தீர்மானிக்கின்றனவேயன்றி, விண்ணப்பித்தவனின் தகுதி தீர்மானிப்பதில்லை. தன் கையில் இல்லாத காலத்தின்மேற் குடும்பக் கணக்கை எழுதுதல் எங்ஙனம்?

அன்றியும், காத்திருப்பதற்குச் செலவில்லை என்று எண்ணுவது பிழை. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஊழியன் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், வேலைகொள்வோர் 12 பங்கும் செலுத்தவேண்டும். 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வேலைகொள்வோர் மேலும் 3 பங்கு செலுத்தவேண்டும். மாதச் சம்பளம் 60,000 ரூபாய் எனக் கொண்டால், இவ்விரு நிதிகளிலும் மாதந்தோறும் 13,800 ரூபாய் சேரும். இரண்டாண்டிற் சேர்வது 331,200 ரூபாய். இது சம்பளத்தின் எஞ்சிய பகுதிக்குப் புறம்பானது. பின்னர் ஓய்வூதியமுள்ள நிரந்தர அரசாங்கப் பதவியிற் சேருவோர் சேமலாப நிதியை மீளப் பெறவும் சட்டம் இடமளிக்கின்றது. ஆதலால், முன்னே கம்பனியிற் சேர்ந்தவன் பின்னே அரசாங்கத்துக்குப் போவதனால் வெறுங்கையனாகான். வீட்டிலிருந்து காத்தவனுக்கோ இவற்றுள் ஒன்றுமில்லை, கற்றதும் துருப்பிடிக்கும்.

அரசாங்கச் சம்பளமும் அசையாத மலையன்று. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் விலைகள் ஏறியபோது, நிலையான சம்பளம் வாங்குவோரே நிலைகுலைந்தனர். அவ்வாண்டில் அரசாங்க ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டு வரை வெளிநாடு சென்று உழைக்க அரசாங்கமே அனுமதி வழங்கியதை நினைவுகூர்க.

சிறிய பதவியை ஏற்றால் பெரிய வாயில் அடைபடும் என்று சிலர் அஞ்சுவர். கணிதமேதை இராமாநுஜன் 1912 இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுதுவினைஞராக அமர்ந்தார். தம் திறமைக்குத் தக்க பதவி வரட்டும் என்று அவர் அதனை மறுத்திலர். அம்மேசையிலிருந்த காலத்திலேயே, 1913 சனவரியில், கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவிப்பணம் அளித்தது. 1914 இற் கப்பலேறினார். முப்பது ரூபாய் அவர் பாதையை மறிக்கவில்லை, பசியை மறித்தது.

நம் மண்ணின் மைந்தர் விபுலாநந்த அடிகளாரின் வாழ்வும் இதனையே காட்டும். காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார் கொழும்பு அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியிற் கடமையாற்றினார். 1917 இல் அதனை விட்டு யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரிக்கு விஞ்ஞான ஆசிரியராகச் சென்றார். 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார். 1922 இற் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். அரசாங்கப் பதவியை விட்டு அரசாங்கமல்லாத கல்லூரிக்குச் சென்றவரை நாம் இன்று நன்றி மறந்தவர் என்பதில்லை. இருந்த இடத்திற் கடமையைக் குறைவறச் செய்தவனுக்கு இடம் மாறுதல் இழுக்கன்று.

இங்கே ஒரு தடை எழும்: நீங்கும் எண்ணத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு பதவியை ஏற்பது வஞ்சனையன்றோ? இவ்வினாவை நாம் தள்ளிவிடவில்லை. எதிர்பார்ப்பு வேறு, வாக்கு வேறு. மற்றைய நியமனம் எழுத்தில் வந்து தொடங்கும் நாளும் குறிக்கப்பட்டிருந்தால், அதனை மறைத்துக் கம்பனியிற் கையொப்பமிடுதல் வஞ்சனையே. ‘வரலாம்’ என்ற செய்தி மாத்திரம் உள்ளதாயின் மறைத்தற்கு ஒன்றுமில்லை. ஆயினும், கேட்டால் உண்மையைச் சொல்லுக. இத்தனை ஆண்டு நீங்கேன் என்று பிணை எழுதிக் கேட்டால், நிறைவேற்ற மனமில்லாதவன் அதில் ஒப்பமிடலாகாது. நீங்கும் நாள் வந்தால், உரிய அறிவித்தல் கொடுத்து, பொறுப்புக்களை ஒப்படைத்து நீங்குக. பின்னே வரும் நம்மூர்ப் பிள்ளையை அக்கம்பனி நம்புவதும் நம்பாததும் முன்னே சென்றவன் நீங்கிய விதத்தைப் பொறுத்தது.

ஆகவே நாம் கொள்ளும் நெறி இதுவாகும்: எழுத்தில் வந்ததே நியமனம், வாய்ச்சொல் நியமனமன்று. அரசாங்கக் கடிதம் கையிலிருக்க, தெரிந்தவர் ஒருவர் வெளிநாட்டில் எடுத்துத் தருவதாகச் சொல்லும் வேலைக்காக அதனைக் கைவிடுவதும் இதே பிழையே. விடைக்குக் கால அவகாசம் வேண்டின் பணிவுடன் எழுதிக் கேட்கலாம். கேட்டதற்காகச் சினக்கும் நிறுவனத்தின் குணம் அப்பொழுதே தெரிந்துவிடும். கடிதத்திலுள்ள தகுதிகாண் காலம், ஓய்வூதிய விதி, நீங்கும் விதி ஆகியவற்றை வரிவரியாகப் படித்த பின்னரே ஒப்பமிடுக.

இதற்கு விலக்கும் உண்டு. நோயுற்ற பெற்றோரை விட்டுத் தொலைவு செல்லவியலாதவன் காத்திருக்கலாம். ஆசிரியப் பணியே தன் பணி எனத் துணிந்து, வாவிக்கு அப்பாற் படுவான்கரைப் பாடசாலைகளில் ஆசிரியரின்றி இருக்கும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவென்றே நிற்பவனையும் நாம் தடுக்கமாட்டோம். அவனுங்கூடக் காத்திருப்புக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அம்பிளாந்துறைக்குப் போகக் குருக்கள்மடத் துறையில் நிற்பவன், இருட்டு முன் தோணி வாராதெனக் கண்டால் மண்முனைப் பாலத்தைச் சுற்றிப் போவானல்லனோ?

இளைஞரை மாத்திரம் அறிவுறுத்தி அமைதல் நீதியன்று. பரீட்சையை நடத்தி, நியமன நாளைச் சொல்லாது ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் அதிகாரிகள் பிறருடைய இளமையைச் செலவிடுகின்றனர். நாளைக் குறித்து அறிவிப்பதும், தவறினால் காரணம் கூறுவதும் அவர்கள் கடன். பழைய மாணவராகிய நமக்கும் கடனுண்டு. கொழும்பிற் புதிதாகச் சேரும் மாணவனுக்கு முதல் மாதம் தங்க ஓரிடம் காட்டுதல், நியமனக் கடிதத்தை அவனோடு இருந்து வாசித்துப் பொருள் கூறுதல், தத்தம் அலுவலகங்களின் வெற்றிடங்களைக் கல்லூரிக்கு அறிவித்தல் ஆகிய இம்மூன்றுக்கும் பெரும்பொருள் வேண்டா, மனமே வேண்டும்.

மாணவர்காள்! வரவிருக்கும் ஓலை வரும்போது வருக. அது வருமுன் நீவிர் உழைத்த நாட்கள் உங்களுடையனவாகவே இருக்கும்.