உற்றானை மறந்த ஊசி

ஈளை நோய்க்கு ஊசி பயன் தருமா, தராதா என்னும் வழக்கு தமிழர் இல்லங்களில் ஓயாமல் நடைபெறுகின்றது. மூன்றாண்டுகள் போட்டுக்கொண்டால் இழுப்பே வாராது என்பர் ஒரு சாரார். அது பணம் பறிக்கும் வழி என்பர் மறுசாரார். இரு சாராரும் தவறிழைக்கின்றனர். ஊசியைப் பற்றி இத்துணைப் பேசுவோர், அதனைப் போட்டுக்கொள்ளப் போகும் மனிதன் யார் என்று ஒருமுறையேனும் கேட்பதில்லை.

இம்மருத்துவம் நேற்று முளைத்ததன்று. 1911ஆம் ஆண்டில், இலண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையைச் சார்ந்த லியோனார்டு நூன் என்பார், மகரந்த ஒவ்வாமையால் மூக்கும் கண்ணும் நீர் சொரிந்தோருக்குப் புல்லின் மகரந்தச் சாற்றையே சிறுகச் சிறுக ஊசி வழியே செலுத்தி, அதன் பயனை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். எப்பொருளால் துன்பம் விளைகின்றதோ அப்பொருளையே அளவறிந்து கொடுத்து உடலைப் பழக்குவது இதன் அடிப்படை. ஆகவே, ஒவ்வாமையே இல்லாதவனுக்கு இந்த ஊசி எதனைப் பழக்கும்? இழுப்பு எல்லார்க்கும் ஒவ்வாமையால் வருவதன்று என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

பொந்தியான் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் கடல், மறுபுறம் சதுப்பு மண்ணில் செம்பனையும், பெக்கான் நானாஸ் பக்கம் அன்னாசியும். ஆண்டு முழுவதும் ஈரக்காற்று. மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் செழித்து வாழ்வதற்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை. இங்கே ஒரே வரிசை வீடுகளில் ஈளை நோயாளர் மூவர் வாழ்வதாகக் கொள்வோம்.

முதலாமவள் இருபது வயதுப் பெண். விடிந்தால் தும்மல், மூக்கடைப்பு, பிறகு இழுப்பு. தோலில் சோதித்தால் தூசி உண்ணிச் சாறு பட்ட இடம் தடிக்கின்றது. நுரையீரலின் வலிமை பெரிதும் குன்றவில்லை. இவள் ஊசியால் பயன்பெறக் கூடியவள்.

இரண்டாமவர் ஐம்பதைக் கடந்தபின் இழுப்புக் கண்டவர். முப்பதாண்டுகள் சிகரெட் புகைத்தவர். தோல் சோதனையில் எதுவும் தடிக்கவில்லை. 1997இலும் 2015இலும் புகைமூட்டம் சூழ்ந்தபோது அவர் பட்ட பாட்டிற்குக் காரணம் புகை, தூசி உண்ணியன்று. அவருக்கு ஊசி போடுவது, பூட்டே இல்லாத கதவிற்குச் சாவி செய்வதாகும்.

மூன்றாமவள் நிலையே எண்ணிப் பார்த்தற்குரியது. தூசி உண்ணி ஒவ்வாமை அவளுக்குண்டு. ஆனால் இரவுதோறும் மூச்சுத் திணறல், அடிக்கடி மருத்துவமனை. 'மிகவும் துன்புறுகிறாள், ஆகவே அவளுக்கே முதலில் போடுங்கள்' என்று இரக்கம் சொல்லும். அறிவு அதனைத் தடுக்கும். 1957 முதல் இத்தகைய ஊசிகளால் 26 பேர் மாண்டதை 1986இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு வெளியிட்டது. எந்நோய்க்கு ஊசி போடப்பட்டது என்று தெரிந்தவருள் ஏறத்தாழ அனைவரும் ஈளை நோயாளரே. கட்டுக்குள் வாராத ஈளைக்கு இந்த ஊசி இடர். இரத்த அழுத்தத்திற்கெனச் சிலர் உண்ணும் 'பீட்டா' தடுப்பு மருந்துகள் அவ்விடரை மேலும் பெருக்கக் கூடும்.

ஆராய்ச்சி என்று சொல்லி வாயடைப்போரும் அதனை முழுமையாகப் படிப்பதில்லை. நாவின்கீழ் வைக்கும் தூசி உண்ணி வில்லையைப் பற்றி 2016இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 834 பெரியவர்கள் பங்கேற்றனர். உள்ளிழுக்கும் மருந்தைக் குறைத்து நிறுத்தியபோது நோய் முற்றும் இடர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நன்று. ஆனால் அன்றாட வாழ்வின் நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவர்கள் அனைவரும் தூசி உண்ணி ஒவ்வாமையும் மூக்கு ஒவ்வாமையும் உடையவர்கள் என்பதையும் மறத்தலாகாது. உலக ஈளை நோய் வழிகாட்டி நெறிகள் 2017இல் அவ்வில்லைக்கு இடமளித்தபோதும், நுரையீரல் வலிமை நூற்றுக்கு எழுபதுக்கு மேலிருத்தல் வேண்டும் என்றே வரையறுத்தன. மேலும், அவ்வில்லைகள் 'டெர்மடோபகாய்டிஸ்' இனத்து உண்ணிகளால் ஆனவை. மலேசியா, சிங்கப்பூர் வீட்டுத் தூசியிலோ 'புளோமியா டிராபிகாலிஸ்' என்னும் வேறோர் உண்ணியும் மிகுதி. ஒன்றிற்குப் பழகிய உடல் மற்றதற்கும் பழகிவிடும் என்று கொள்வதற்கில்லை.

ஐதராபாத்தில் ஆண்டுதோறும் சூன் மாதத்தில் ஒரு குடும்பத்தார் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்து வைத்து விழுங்கச் செய்கின்றனர். கூட்டம் அலைமோதுகின்றது. யாவர்க்கும் ஒரே மீன், ஒரே மருந்து! அதனை எள்ளி நகையாடும் படித்தவர், யாவர்க்கும் ஒரே ஊசி என்று கேட்கும்போது எவ்வகையில் உயர்ந்தவர்? திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஆராயச் சொல்கின்றது. வகுப்பறையில் அதற்கு உரை சொல்லும் தமிழாசிரியரே, வீட்டிற்கு வந்ததும் 'அடுத்த வீட்டுக்காரருக்குக் குணமாயிற்றே' என்று அதே ஊசியைத் தேடி ஓடுவது விந்தை.

'ஏழைக்கு இத்தனை ஆராய்ச்சியா?' என்று கேட்பாருமுளர். ஏழைக்கே இது மிகவும் தேவை. தோல் சோதனையின் முடிவு கால்மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஊசியோ தொடக்கத்தில் வாரந்தோறும், பின்னர் மாதந்தோறும் மூன்றாண்டுகள். ஒவ்வொரு முறையும் போட்டபின் அரைமணி நேரம் மருத்துவர் கண்காணிப்பில் காத்திருத்தல் வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு ஒவ்வோர் ஊசியும் ஒருநாள் கூலி. பயன்பெறாதவர் என்று முன்னரே அறியக்கூடிய ஒருவரிடமிருந்து அக்கூலியைப் பறிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.