பொருள் உன் கையில். சாவி யார் மடியில்?

தோழனே!

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் ஒரு பெட்டி வாங்குகிறாய். விலையை எண்ணி வாங்கிக்கொண்ட வணிகன், பெட்டியை உன்னிடம் தந்து, சாவியைத் தன் மடியில் முடிந்துகொள்கிறான். பொறுப்பாயா? இது வாணிபமா, வஞ்சகமா என்று வீதியே அதிரக் கேட்கமாட்டாயா? அதே வீதியில் கைப்பேசி வாங்கும்போது மட்டும் வாய்மூடி நிற்பது ஏன்?

பணம் உன் வியர்வை. பொருள் உன் உடைமை. ஆனால் உள்ளே இயங்கும் மென்பொருளில் நீ கை வைக்கலாகாதாம்! கம்பெனி புதுப்பிப்பதை நிறுத்திவிடும். பூட்டை மட்டும் திறக்காது. உழைக்கக்கூடிய கருவி குப்பைக்குப் போகும்; செங்கத்திலும் போளூரிலும் பழுது பார்த்துப் பிழைக்கும் இளைஞனின் கை கட்டப்படும்.

சட்டம் என்ன சொல்கிறது? பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் நுழைந்த 65-ஏ பிரிவு, மின்னணுப் பூட்டை உடைப்பவனுக்கு ஈராண்டு வரை சிறை என்கிறது. எவனுக்கு? பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவனுக்கு! களவு நோக்கம் குற்றம். தன் கருவியைத் தானே திருத்திக்கொள்வது களவாகுமா? அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டமோ பூட்டைத் திறப்பதையே தடுத்தது. 2010இல் கைப்பேசிக்கும், 2015இல் டிராக்டருக்கும் விலக்குக் கிடைத்தது. அதையும் மூன்றாண்டுக்கொரு முறை மன்றாடிப் பெறவேண்டும்!

நம் சட்டத்தின் குறை வேறு. திறப்பவனைக் கண்டு சீறாத அது, பூட்டுபவனைக் கண்டும் அசைவதில்லை!

2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கு எட்டாமல் வைத்ததே குற்றம். 2022இல் கூகுளுக்கு 1,337.76 கோடி அபராதம். முன்பே ஏற்றிய தன் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்காதே என்ற ஆணையும் பிறந்தது. 2023இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்தியது; நீக்கும் உரிமை பற்றிய ஆணையையோ தள்ளிவிட்டது. தண்டம் நின்றது, உரிமை விழுந்தது!

பாதுகாப்புக்காகப் பூட்டுகிறோம் என்பர். திறந்தால் வரும் தீங்கை எச்சரிக்கட்டும். மாற்றிய கருவியை ஏற்க வங்கிச் செயலி மறுக்கட்டும். அது அவர்கள் உரிமை. ஆனால் காவல் என்ற பெயரால், வீட்டுக்குரியவனையே வெளியில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

பழுதுநீக்கும் உரிமைக்கென 2022 டிசம்பரில் மைய அரசு இணையவாசல் ஒன்றைத் திறந்தது. வாசல் திறந்தால் போதுமா? உள்ளே சட்டம் வேண்டாவோ?

தோழனே, தெருமுனைதோறும் எடுத்துச் சொல்! கேட்பது சலுகையன்று. விற்ற பொருளின் சாவியை வாங்கியவன் கேட்டால் கொடுக்கவேண்டும். புதுப்பிப்பதை நிறுத்தும் நாளில் கேளாமலே கொடுக்கவேண்டும். இந்த இரண்டு வரி சட்டமாகும்வரை, நாம் விலை கொடுத்து வாங்குவது உடைமையன்று, வாடகையே!