வீண் விளையாட்டா?

"படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?" என்பார் என் தந்தை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் ஒரு விளையாட்டுக்காக வாதாட விரும்புகிறேன்.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டத்தை உருவாக்கி வெளியிட்டனர். அதற்கு முந்திய மேசைப் போர் விளையாட்டுகளில் ஒருவர் ஒரு படையையே நடத்துவார். இதிலோ ஒருவருக்கு ஒரே பாத்திரம், வீரனாகலாம், மந்திரவாதியாகலாம். நடுவர் கதையின் நிலைமையைச் சொல்ல, "நான் இதைச் செய்கிறேன்" என்பார் ஆடுபவர். பலிக்குமா என்பதைப் பெரும்பாலும் பகடை சொல்லும்.

மறு ஆண்டே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் 'பிளேட்டோ' கணிப்பொறியில் இதைப் பின்பற்றி 'பெடிட்5' பிறந்தது. வேறு பணிக்கு ஒதுக்கிய கோப்பில் ஆட்டத்தைக் கண்ட நிர்வாகம் அதை அழித்துவிட்டது. (ஆய்வகப் பொறுப்பாளர்கள் எங்கும் ஒரே இனம் போலும்!)

முன்னே சென்றவர் எவருமில்லாத குகைக்குள் விளக்கேந்தி நுழைவதே இவ்வாட்டம். சேர்க்கை விண்ணப்பம் முதல் தேர்வுக் கட்டணம் வரை எனக்குக் கல்லூரியும் அப்படித்தான். ஆட்டத்தில் பாத்திரம் இறந்தால் புதிதாய் ஒன்றை எழுதிக்கொண்டு மறுபடி அமரலாம். இங்கே ஒரு தாள் போனால் அன்றிரவு அம்மா சாப்பிடமாட்டார். சனிக்கிழமை இரவுகளில் விடுதி அறையில் நாங்கள் நால்வர் பகடை உருட்டுவது அதனால்தான்.