விரலுக்குத் தகுந்த வீக்கம்

என் மனைவியின் லிப்ஸ்டிக்கை நான் திருடினேன். காரணத்தைச் சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அவள் மன்னிக்கவில்லை.

காரணம், என் அக்கா பெண். ப்ளஸ் டூ. கிளப்பில் சேர்ந்து ஏர் பிஸ்டல் சுடுகிறாள். அக்கா சீட்டுப் பணத்தைப் போட்டு செகண்ட் ஹாண்டில் பிஸ்டல் வாங்கிக் கொடுத்தாள். பழைய ஓனர் ஆஜானுபாகு போலிருக்கிறது. அவர் கைக்குச் செதுக்கிய வால்நட் கட்டைப் பிடியில் இவள் கை, அப்பா செருப்பில் குழந்தை கால் மாதிரி மிதந்தது. சுட்டதெல்லாம் இடது பக்கமே போனது.

"எனக்கு வரலை மாமா. இதை வித்துடலாம்" என்றாள் ஒரு நாள், பஸ் ஸ்டாப்பில். கண்ணில் தண்ணீர். மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம்.

கோச்சிடம் போனேன். மிலிட்டரியில் ரிடையரானவர். மீசை இன்னும் ரிடையராகவில்லை.

"பாப்பா கையில தப்பில்ல ஸார். கட்டையிலதான்" என்றார்.

சினிமாவில் ஹீரோ ஓடிக்கொண்டே சுட்டாலும் எதிரே பத்துப் பேர் விழுவார்கள். இங்கே நின்ற இடத்தில், ஒற்றைக் கையால் சுட வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையை பான்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்டு, கலப்பு அணியில் வெள்ளி வாங்கினாரே, அது ஸ்டைல் இல்லையாம். சும்மா இருக்கிற கை ஆடக்கூடாதாம்.

பத்து மீட்டர் தள்ளி அட்டை. அதில் பத்து மார்க் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். உங்கள் சட்டைப் பட்டன் அளவு! பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி சுமார் 32 சென்டிமீட்டர். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் அட்டையில் 31 மில்லிமீட்டர் விலகும். பத்து, ஏழாகிவிடும். இப்படி அறுபது தடவை சுட வேண்டும்.

பிடி பெரிதாக இருந்தால் விரல் ட்ரிக்கருக்கு எட்டாது. எட்டிப் பிடித்து நுனியால் இழுக்கும்போது பிஸ்டலைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். "கண்ணை மூடிட்டுக் கையைத் தூக்கணும். திறந்தா ரெண்டு குறியும் நேரா நிக்கணும். அதான் சரியான கட்டை" என்றார்.

பிறகு ஹங்கேரிக்காரர் காரோலி தகாச்ஸ் கதையைச் சொன்னார். 1938ல் பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து வலது கை போயிற்று. அதுதான் அவர் சுடுகிற கை. மனிதர் இடது கையால் பழகி, 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி இரண்டு ஒலிம்பிக்கிலும் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வாங்கினார்.

"அவருக்குக் கையே மாறிச்சு. பாப்பாவுக்குக் கட்டைதானே!"

பிஸ்டல் கிளப் பூட்டிலேயே இருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி, கட்டையை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தோம். கையில் லிப்ஸ்டிக் பூசி அழுத்திப் பிடித்தால், கட்டையில் இடிக்கிற மேடெல்லாம் சிவப்பாக ஒட்டிக்கொள்ளும். அந்த மேட்டை மட்டும் அரத்தால் ராவ வேண்டும். ஒட்டாத இடம் பள்ளம். அங்கே மரப் புட்டி அப்பி, கையில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு அழுத்தினால் உள்ளங்கையின் அச்சு விழும். காய்ந்ததும் உப்புத்தாள்.

"நாலு இழுப்பு இழுத்தா நாற்பது தடவை பிடிச்சுப் பாருங்க" என்று கோச் எச்சரித்திருந்தார். நான் நாற்பது இழுப்பு இழுத்துவிட்டு நாலு தடவை பார்த்தேன். கட்டை விரலுக்குக் கீழே குழி! பெண் பேசவில்லை. அந்த மௌனத்துக்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம். குழியில் புட்டியை அப்பி, மானத்தை மூடினேன்.

போட்டி நாள். சுடுவதற்கு முன்னால் ஆயுதப் பரிசோதனை. ட்ரிக்கர் ஐநூறு கிராமாவது தாங்க வேண்டும், மொத்த எடை ஒன்றரை கிலோவைத் தாண்டக்கூடாது, பிடி மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுக்கக்கூடாது. எல்லாம் பாஸ். கடைசியில் ஒரு பெட்டி: நீளம் 420, உயரம் 200, அகலம் 50 மில்லிமீட்டர். பிஸ்டல் அதற்குள் அடங்க வேண்டும்.

அடங்கவில்லை. ஒரு நூல் இடித்தது. என் புட்டி!

சீட்டுப் பணம், மூன்று வாரத் தூக்கம், அக்காவின் முகம் எல்லாம் அந்த ஒரு நூலில் தொங்கின. நல்லவேளை, டிபன் பைக்குள் ஒரு துண்டு உப்புத்தாள் கிடந்தது. கட்டையை வாங்கக் கை நீட்டினேன்.

"நீங்க வேணாம் மாமா. எங்க தொடுதுன்னு எனக்குத்தான் தெரியும்."

மரத்தடியில் உட்கார்ந்து தேய்த்தாள். நாலு இழுப்பு. பிடித்துப் பார்த்தாள். கண்ணை மூடினாள். மறுபடி நாலு. பத்து நிமிஷத்தில் பெட்டி மூடிக்கொண்டது.

மெடல் கிடைத்ததா என்கிறீர்களா? இல்லை. ஆனால் அறுநூறுக்கு 519 எடுத்துக்கொண்டிருந்தவள் அன்று 541 எடுத்தாள். "விற்றுவிடலாம்" என்ற பேச்சு அதோடு போயிற்று.

எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. பதினைந்து வருஷமாக ஆபீஸ் நாற்காலிக்குத் தகுந்தாற்போல் என் முதுகை வளைத்துக்கொண்டு, முதுகைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன். மறுநாள் போய் நாற்காலிக்கு அடியில் பார்த்தேன். உயரத்தைக் குறைக்க ஒரு கைப்பிடி இருந்தது!

லிப்ஸ்டிக்? புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஷேட் தப்பாம்.