கரியில் குடியிருக்கும் கிருமிகளுக்காக ஒரு மனு

சென்னைக் குடிநீர் வாரிய மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

நெசப்பாக்கத்தில் சுத்திகரித்த கழிவுநீரைப் போரூர் ஏரியில் கலந்து, பிறகு குடிநீராக்கும் திட்டத்தை எதிர்த்து நான் இதை எழுதவில்லை. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்ற ஊர் இது. பயன்படுத்திய தண்ணீரைக் கடலுக்கு அனுப்பி வீணாக்க நமக்குக் கட்டுப்படியாகாது. ஏரியிலிருந்து எடுத்த பிறகு அந்தத் தண்ணீரை என்ன செய்யப்போகிறோம் என்பதில்தான் என் கோரிக்கை.

நம் வழக்கமான குடிநீர் நிலையங்களுக்குச் செம்பரம்பாக்கம் ஓர் எடுத்துக்காட்டு. அது நாளுக்கு 530 மில்லியன் லிட்டர் சுத்திகரிக்கக் கட்டப்பட்டது. படிவித்துத் தெளியவைத்து, மணலில் வடித்து, குளோரின் சேர்க்கும் முறை. மழைநீர் ஏரிக்கு இது போதும். கழிவுநீரின் மிச்சம் வரும்போது போதாது. தண்ணீரில் ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜன் இருந்தால் அதைத் தீர்க்கவே எட்டு முதல் பத்து பங்கு குளோரின் வேண்டும். கரைந்த கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்தால் டிரைஹாலோமீத்தேன்கள் என்ற கெடுதலான துணைப்பொருட்கள் உருவாகும். இது 1974இலேயே ராட்டர்டாமில் கண்டறியப்பட்டது. தண்ணீர் கெடக் கெட குளோரினைக் கூட்டுவது ஒரு தொல்லைக்கு இன்னொன்றை மாற்றாகக் கொடுப்பதுதான்.

இதற்கு வேறு வழி இருக்கிறது. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் கழிவுநீரைக் குடிநீராக்கி வருகிறது. 2002இல் தொடங்கிய அதன் புதிய நிலையத்தில் ஓசோனுக்குப் பிறகு உயிரியல் கரி வடிகட்டி இருக்கிறது. அதற்கும் பிறகுதான் சாதாரணக் கரியும் நுண்வடிகட்டியும். ஓசோன், எளிதில் மக்காத பெரிய மூலக்கூறுகளை உடைத்துச் சிறு துண்டுகளாக்கும். அவற்றை அப்படியே குழாயில் விட்டால் வழியெல்லாம் பாக்டீரியாவுக்கு விருந்து. கரிப் படுகையிலேயே பாக்டீரியாக்களைக் குடிவைத்துவிட்டால், பத்து இருபது நிமிடத்தில் அவை துண்டுகளைத் தின்று தீர்க்கும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் இனமும் அங்கேயே வளரும். ஜெர்மனியில் ரூர் ஆற்றங்கரை முல்ஹைம் நகரம் 1970களில் ஓசோனையும் இந்த முறையையும் கொண்டுதான் அதிக அளவில் குளோரின் சேர்ப்பதைக் கைவிட்டது. அங்கே குளிர்காலத்தில் பாக்டீரியா சோம்பும். நம் வெயிலில் அந்தக் கவலை இல்லை. வேறு கவலை உண்டு: வெதுவெதுப்பான படுகையில் புழுக்களும் கொசு போன்ற பூச்சிகளின் லார்வாக்களும் பெருகக்கூடும். தென் சீன நிலையங்கள் இதைப் பார்த்திருக்கின்றன. ஆகவே அடிக்கடி கழுவ வேண்டும். ஆனால் குளோரின் கலந்த தண்ணீரால் பேக்வாஷ் செய்தால் குடிவைத்தவை பாதிக்கப்படும். ஷிப்டில் இருக்கும் ஆபரேட்டருக்கு இதைச் சொல்லித் தராத நிலையம் மெல்ல மெல்ல வெறும் கரித்தொட்டியாகிவிடக்கூடும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. கடலோர ஊர், உவர்நீர் ஊறும் சாக்கடைக் குழாய்கள். புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். முதலில் புரோமைடை அளந்துவிட்டுத்தான் ஓசோன் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். உப்பையும் இந்தக் கரி எடுக்காது.

டெண்டர் விஷயம். நம் ஒப்பந்தங்களில் கரியின் தரத்தை அயோடின் எண்ணால் அளப்பதே வழக்கம். அது புதுக் கரியின் உறிஞ்சும் திறனைச் சொல்லும். உயிரியல் வடிகட்டியில் சில மாதங்களிலேயே அந்த எண் சரியும், கரி மட்டும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். தணிக்கையாளர் எண்ணைப் பார்த்துவிட்டு "ஏன் மாற்றவில்லை?" என்று கேட்பார், பயந்துபோன அதிகாரி நன்றாகச் செழித்த படுகையை அள்ளிக் கொட்டுவார். உள்ளே போன தண்ணீரைவிட வெளியே வந்த தண்ணீரில் கரிமமும் அம்மோனியாவும் எவ்வளவு குறைந்தன என்பதை ஒப்பந்த நிபந்தனையாக எழுதுங்கள். நம்மூர் கொட்டாங்குச்சிக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை. பாக்டீரியா தங்குவதற்கு நிலக்கரியிலிருந்து செய்த கரி மேல் என்பார்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே.

கிருமிகளைக் கொண்டு தண்ணீரைச் சுத்தமாக்குவது சென்னைக்குப் புதிதுமில்லை. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் வந்த மெதுமணல் வடிகட்டிகள் வேலை செய்ததே மணல் மேல் படர்ந்த உயிர்ப் படலத்தால்தான்.

போரூர்த் தண்ணீரில் ஒரு சிறிய சோதனைப் படுகை அமைத்து, ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஓட்டி, மாதாமாதம் அளவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட ஆணையிடுங்கள். முழு நிலையத்துக்கான மதிப்பீட்டை அதற்குப் பிறகு கேட்டால் போதும்.

இப்படிக்கு,
வாரியத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் ஒரு சென்னைவாசி